சுப்ராவுக்கு எந்த டர்போ: இரட்டையா, ஒற்றையா?

போன மாதம் சித்தி மகன் ஷெஃபீல்டிலிருந்து போன் செய்தான். மூன்று வருஷம் சேமித்து, 1994ஆம் வருஷத்து டொயோட்டா சுப்ரா ஒன்றை வாங்கியிருக்கிறான். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறி வந்த வண்டி, ஆறு கியர் மேனுவல். "அண்ணா, 4,000 ஆர்பிஎம் வந்தா ஒரு தடவை மூச்சு விடுற மாதிரி தயங்குது. பட்டறையில, இந்தப் பழைய ரெட்டை டர்போவைக் கழட்டிட்டு பெருசா ஒண்ணு போட்டுடலாம்னு சொல்றாங்க. போட்டுடவா?"

டர்போ என்பது இன்ஜின் வெளிவிடும் புகையின் (எக்ஸாஸ்ட்) வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் கருவி. ஆர்பிஎம் என்பது இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று. போடு என்றோ வேண்டாம் என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை லெஸ்டரிலிருந்து கிளம்பிப் போனேன். இதே மாதிரி வண்டியோடு பத்து வருஷம் பழகியவன் நான். அதில் தெரிந்துகொண்டதையும் அன்று அவன் வண்டியில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?" என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பொருந்தாத டர்போவில் போய் நிற்கிறார்கள். நாம் வண்டி ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்பதுதான் முதல் கேள்வி. இப்போது வண்டியில் இருப்பது நல்ல நிலையில் இருக்கிறதா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு டர்போவைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

டொயோட்டா என்ன செய்து கொடுத்தது

நான்காம் தலைமுறை சுப்ரா 1993இல் வந்தது, 2002 வரை தயாரானது. டர்போ வகையில் இருப்பது 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜின். வரிசையாக ஆறு சிலிண்டர், 2,997 சிசி. சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓடும் தூரமும் ஒரே அளவு, 86 மி.மீ. கம்ப்ரஷன் 8.5க்கு 1. பிளாக் வார்ப்பிரும்பு. இந்த இன்ஜினின் பெயர் இன்றுவரை நிலைப்பதற்கு அந்த இரும்பு பிளாக்தான் பெரிய காரணம். உள்ளே எதையும் மாற்றாமலே தொழிற்சாலை கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு சக்தியைத் தாங்கிய வண்டிகள் ஏராளம். ஆகவே இந்த வண்டியில், இன்ஜின் தாங்குமா என்ற கவலை கடைசியில்தான் வரும்.

ஜப்பானில் விற்றதற்கு 280 குதிரைத்திறன் என்று எழுதினார்கள். அதைத் தாண்டி விளம்பரம் செய்வதில்லை என்று அந்த நாட்டுக் கார் நிறுவனங்கள் தமக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருந்த காலம் அது. இங்கிலாந்துக்கு என்றே வந்த சுப்ராவில் 326. இந்த வித்தியாசம் வெறும் காகிதக் கணக்கு கிடையாது, டர்போவே வேறு. ஜப்பான் வண்டியின் டர்போவில் டர்பைன் சக்கரம், அதாவது புகை மோதிச் சுற்றும் சக்கரம், செராமிக். ஏற்றுமதி வண்டியில் எஃகு. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் அப்படித்தான், ஜப்பான் வண்டியில் நிமிடத்துக்கு 440 சிசி, ஏற்றுமதி வண்டியில் 550 சிசி. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் மறக்கக்கூடாது. பின்னால் வரும் கணக்கு முழுக்க இதில்தான் நிற்கிறது.

இரண்டு டர்போவும் ஒரே அளவுதான், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும். ஏறக்குறைய 3,500 ஆர்பிஎம் வரை ஆறு சிலிண்டர்களின் புகையும் முதல் டர்போவுக்கே போகிறது. இரண்டாவதன் வெளிவழி அடைத்திருக்கும். முழுப் புகையும் ஒரே சின்னச் சக்கரத்தில் மோதுவதால் அது 2,000ஐத் தாண்டியதுமே சுறுசுறுப்பாகச் சுற்றத் தொடங்கிவிடும். 3,500க்கு மேல் சிறிய வால்வு ஒன்று திறந்து, கொஞ்சம் புகையை இரண்டாவது டர்போவுக்குள் விட்டு அதைச் சுற்றத் தயார் செய்கிறது. 4,000 வாக்கில் பெரிய வால்வு முழுக்கத் திறக்கிறது, இன்டேக் பக்கத்து வால்வும் திறக்கிறது, இரண்டும் சேர்ந்து காற்றை ஊதுகின்றன.

எழுதிப் பார்த்தால் நான்கைந்து வரிதான். வண்டிக்குள் இதற்கு நான்கு கட்டுப்பாட்டு வால்வு, அவற்றை மின்சாரத்தால் இயக்கும் சோலினாய்டுகள், பூஸ்ட் அழுத்தத்தை, அதாவது டர்போ ஊதும் காற்றின் அழுத்தத்தை, சேமித்து வைக்கும் ஒரு சின்ன டேங்க், அத்தனையையும் இணைக்கும் ரப்பர் குழாய்கள் என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. அந்தக் குழாய்களுக்கு இன்று முப்பது வயது. முப்பது வருஷமாக எக்ஸாஸ்ட் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து வெந்த ரப்பர் அது.

வாங்கும் முன் தொட்டுப் பார்க்க வேண்டியது

தம்பி வண்டியில் நாங்கள் முதலில் செய்த வேலை, இன்ஜின் ஆறிய பிறகு காற்று உள்ளே போகும் பைப்பைக் கழற்றியது. காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தேன். மிக லேசான ஓர் ஆட்டம். அது இருக்கலாம். இந்த வகை பேரிங்கில் ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தில் மிதந்துதான் சுற்றுகிறது, எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது கொஞ்சம் ஆடும். பிறகு முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளினேன். அசைவே தெரியவில்லை. தெரிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அசைக்கும்போது இறக்கையின் நுனி ஓட்டில் உரசினாலும் அப்படியே. சக்கரத்தைச் சுண்டிவிட்டால் சத்தமில்லாமல் சுற்றி நின்றது, இறக்கை நுனிகளில் கீறல் கிடையாது. இரண்டாவது டர்போவிலும் இதே முடிவுதான்.

அப்படியென்றால் 4,000இல் தயக்கம் ஏன்? இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கட்டுப்பாட்டு வால்வுகளைத் தற்காலிகமாகத் திறந்த நிலையில் நிறுத்திவைத்து, இரண்டு டர்போவையும் எப்போதும் சேர்ந்தே ஊத விட வேண்டும். அப்படி ஓட்டிப் பார்த்தோம். 3,500 வரை வண்டி மந்தமாக இருந்தது, எதிர்பார்த்ததுதான். அதற்கு மேல் பூஸ்ட் மீட்டர் முள் ஒரே சீராக ஏறி நின்றது. டர்போ இரண்டும் நலம், அவற்றை மாற்றி மாற்றி வேலைக்கு அழைக்கும் ஏற்பாட்டில்தான் கோளாறு. ஸ்மோக் மெஷினைக் கொண்டுவந்து புகை விட்டுப் பார்த்ததில், அழுத்த டேங்கிலிருந்து வரும் ஒரு குழாயின் முனையில் நூல்போலப் புகை கசிந்தது. நகத்தால் அழுத்தினேன், ரப்பர் காய்ந்த அப்பளம்போல உடைந்தது.

ஆயிரக்கணக்கான பவுண்டு செலவழித்து டர்போவை மாற்றச் சொன்னதற்குப் பின்னால் இருந்தது ஒரு சாண் குழாய். பட்டறைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த அமைப்பைப் பிரித்துப் பார்க்க நேரம் பிடிக்கும், ஒற்றை டர்போவுக்கு மாற்றிவிட்டால் இந்தக் குழாய்க் காடே போய்விடும். ஆனால் முடிவு எடுக்க வேண்டியது வண்டிக்காரர். எது கெட்டிருக்கிறது என்று தெரியாமலே முடிவெடுத்தால் அந்தப் பணம் எதற்குப் போயிற்று என்பதும் தெரியாமல் போய்விடும்.

இருப்பதையே வைத்துக்கொள்வது

சரி, முதல் வழி இதுதான். குழாய்களை முழுக்க சிலிக்கானுக்கு மாற்றி, சோலினாய்டுகளைச் சோதித்து, தொழிற்சாலை அமைப்பைப் பழையபடி வேலை செய்ய வைப்பது. அதற்கு மேல் எக்ஸாஸ்டை அகலப்படுத்தி, பூஸ்ட் கன்ட்ரோலர் வைத்துக் கொஞ்சம் ஏற்றுவது.

எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ஒரு காகிதமும் பேனாவும் போதும். மூன்று லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. 6,500 ஆர்பிஎம்மில் அது நிமிடத்துக்கு 9,750 லிட்டர். சிலிண்டர்கள் 95 சதவீதம் நிரம்புவதாக வைத்தால் சுமார் 9,260 லிட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார், அதன் மேல் பூஸ்ட் 1.2 பார் என்றால் வெளிக்காற்றைப்போல 2.2 மடங்கு அழுத்தம், ஊதிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி 45 டிகிரி சூட்டில் வருவதாகக் கொள்வோம். அந்தக் காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிலோ எடை இருக்கும். ஆக நிமிடத்துக்கு 22 கிலோவுக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்றுக்குச் சுமார் 22 குதிரைத்திறன் என்பது டியூனிங் உலகில் எல்லோரும் பயன்படுத்தும் தோராயம். பெருக்கினால் 490 பக்கம் வருகிறது.

இப்போது பெட்ரோல் பக்கம் பாருங்கள். டர்போ இன்ஜினை முழு பாரத்தில் பத்திரமாக ஓட்ட 11.5 கிலோ காற்றுக்கு 1 கிலோ பெட்ரோல் என்று வைத்தால், நிமிடத்துக்கு 1.95 கிலோ, அதாவது 2.6 லிட்டர் தேவை. ஜப்பான் வண்டியின் ஆறு 440 சிசி இன்ஜெக்டர்கள் மொத்தமாகத் தரக்கூடியது 2.64 லிட்டர். அதுவும் மூடாமல் முழு நேரமும் திறந்தே இருந்தால்! இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது பாலபாடம். எனவே ஜப்பான் வண்டியில் 1.2 பார் என்பது இன்ஜெக்டரை மாற்றாமல் கனவிலும் நினைக்கக்கூடாத எண். 550 சிசி உள்ள இங்கிலாந்து வண்டியில் அதே 1.2 பார் கணக்கு 80 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. இணையத்தில் அமெரிக்க நண்பர்கள் "1.2 வரை கவலையில்லை" என்று சொல்வதெல்லாம் இப்படிப்பட்ட ஏற்றுமதி வண்டியை வைத்துத்தான்.

செராமிக் சக்கரம் இன்னொரு எல்லை. எடை குறைவு என்பதால் சீக்கிரம் சுற்றத் தொடங்கும், அதனால்தான் டொயோட்டா அதைப் போட்டது. ஆனால் அளவுக்கு மீறிய வேகமும் சூடும் சேர்ந்தால் எஃகுபோல வளையாது, நொறுங்கிவிடும். எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து கொட்டிய செராமிக் துண்டுகளை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். உடைந்த பீங்கான் கோப்பையைப்போலக் கூராக, வெளுப்பாக இருந்தன. அந்த வண்டிக்காரர் 1.3 பாரில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஜப்பான் டர்போவை வைத்துக்கொண்டு 0.9 பாருக்கு மேல் போக வேண்டாம் என்பது என் எல்லை. தொழிற்சாலை அளவு 0.75 வாக்கில். இந்தச் சின்ன ஏற்றத்திலேயே 280 என்பது 350ஐத் தாண்டிவிடும்.

இங்கே இங்கிலாந்தில் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு சொல். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டால் பின்னழுத்தம் குறைந்து, கன்ட்ரோலர் இல்லாமலே பூஸ்ட் தானாக ஏறிவிடும். அதற்காகவே சிலர் குழாய்க்குள் ஒரு ரெஸ்ட்ரிக்டர் வளையம் வைக்கிறார்கள். அப்புறம் எம்ஓடி என்ற வருடாந்திர வண்டிச் சோதனை வரும், தொழிற்சாலையில் பொருத்திய கன்வர்ட்டர் இல்லையென்றால் வண்டி தேறாது. அடர்த்தி குறைந்த நல்ல கன்வர்ட்டர் ஒன்றைப் போட்டுக்கொள்வதே நிம்மதி. எந்த மாற்றத்தையும் இன்ஷூரன்ஸுக்குச் சொல்லிவிட வேண்டும், வளையம் உட்பட.

எப்போதும் இரண்டையும் சேர்த்தே ஊத வைப்பது என்று ஒரு நடுவழி உண்டு. நாங்கள் சோதனைக்காகச் செய்ததையே நிரந்தரமாக்குவது. செலவு சொற்பம், பழுதாகக்கூடிய பாகங்கள் குறையும், 4,000இல் வரும் அந்தத் திடீர் உந்தல் போய் ஏற்றம் சீராகும். ஆனால் கீழே இருந்த சுறுசுறுப்பைக் கொடுத்துவிட்டு மேலே புதிதாக எதையும் வாங்கவில்லை, அதே இரண்டு சின்னச் சக்கரங்களின் எல்லைதான் அங்கும் இருக்கிறது. சோதனைக்கு அருமை, வாழ்வதற்கு வேண்டாம். இரண்டு பெரிய டர்போவைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் கிட்டுகளும் ஒரு காலத்தில் பெரிய மதிப்போடு இருந்தன. இன்றைக்கு அதே வேலையை ஒரு நவீன டர்போ குறைந்த சூட்டிலும் குறைந்த இடத்திலும் செய்துவிடுகிறது.

ஒற்றை டர்போ

ஒற்றைக்கு மாறுவது என்று முடிவெடுத்தால் கம்ப்ரஸர் வாய் 61, 62 மி.மீ. அளவில் நிறுத்துங்கள் என்பதுதான் தெருவில் ஓட்டும் யாருக்கும் நான் சொல்வது. போர்க்வார்னர் நிறுவனத்தின் இஎஃப்ஆர் 8374, கேரட் நிறுவனத்தின் ஜி35-900 போன்றவை இந்த வட்டாரத்தில் வருகின்றன. போர்க்வார்னர் பெயரில் இருக்கும் 83, 74 என்பவை கம்ப்ரஸர், டர்பைன் சக்கரங்களின் வெளிவிட்டம் மி.மீ.இல். கேரட் பெயரில் உள்ள 900, அது எத்தனை குதிரைத்திறன் வரை காற்று தரும் என்பதன் அடையாளம். இவற்றின் பேரிங் பால் பேரிங், இஎஃப்ஆரின் டர்பைன் சக்கரம் டைட்டானியம் அலுமினைடு. அந்தக் கால செராமிக் எந்த லேசுத்தனத்தைத் தேடியதோ அதை நொறுங்கும் பயம் குறைவாகத் தருகிற உலோகம்.

ட்வின் ஸ்க்ரோல், அதாவது புகை டர்போவுக்கு இரண்டு தனி வழியில் போகும் அமைப்பு, ஆறு சிலிண்டருக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. இந்த இன்ஜினின் எரிவரிசை 1-5-3-6-2-4. முன் மூன்று சிலிண்டர்களை ஒரு வழியிலும் பின் மூன்றை இன்னொரு வழியிலும் பிரித்து டர்போ வரை கொண்டுபோனால், வரிசையில் முன், பின், முன், பின் என்று மாறி மாறி வருவதைப் பாருங்கள். ஒவ்வொரு வழியிலும் 240 டிகிரிக்கு ஒரு முறைதான் புகை வருகிறது. ஒரு சிலிண்டரின் வேகமான புகை பக்கத்து சிலிண்டரின் வால்வு திறந்திருக்கும்போது அதற்குள் போய்க் குழப்பாது. அந்தத் துடிப்பின் வேகம் முழுக்கச் சக்கரத்துக்கே போகிறது. ஒரே பாத்திரத்தில் ஆறையும் கொட்டுகிற மேனிஃபோல்டோடு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி) ஒப்பிட்டால் பல நூறு ஆர்பிஎம் முன்னதாகவே பூஸ்ட் வந்துவிடும். ட்வின் ஸ்க்ரோல் மேனிஃபோல்டுக்குக் கூடுதலாகக் கேட்கும் காசு நியாயமான காசு.

டர்பைன் ஓட்டில் புகை போகும் வழி எவ்வளவு அகலம் என்று சொல்லும் ஏ/ஆர் அளவு பலரைக் குழப்புகிறது. தோட்டத்தில் தண்ணீர் விடும்போது குழாய் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறிப் பாயும், ஆனால் வாளி நிரம்ப நேரமாகும். சிறிய ஏ/ஆர் அப்படித்தான், சீக்கிரம் சுற்ற வைக்கும், மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டும். பெரியது நேர்மாறு. மிஞ்சிய புகையை டர்பைனுக்குள் விடாமல் விலக்கி அனுப்பும் வேஸ்ட்கேட் ஏரிக்கரையின் கலிங்கு மாதிரி. நீர்மட்டம் அளவைத் தாண்டினால் மிச்சத்தை வழியவிடுவது அதன் வேலை. கலிங்கு குறுகலாக இருந்தால் ஏரி உடையும். சின்ன வேஸ்ட்கேட் போட்ட வண்டியில் பூஸ்ட் நாம் சொன்ன இடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போவது அதனால்தான். இதில் கஞ்சத்தனம் கூடாது.

இந்த அளவு ஒற்றை டர்போ, நன்றாகக் கட்டிய வண்டியில், நான்காம் கியரில் 3,500 முதல் 3,800க்குள் முழு பூஸ்டுக்கு வந்துவிடும். பிறகு 7,000 வரை சளைக்காது. சூடு குறைவு, இன்ஜின் அறையில் கை நுழைய இடம் கிடைக்கும், பழுது வந்தால் ஒரே ஒரு டர்போ.

ஆனால் செலவு டர்போவோடு நிற்பதில்லை. மேனிஃபோல்டு, வெளி வேஸ்ட்கேட், டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப், பெரிய இன்டர்கூலர், 1,000 சிசி இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், இன்ஜினை நடத்தும் கணினியான இசியு புதிதாக, காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார், கிளட்ச், எல்லாவற்றுக்கும் மேல் வண்டியின் சக்தியை அளக்கும் டைனோவில் உட்கார்ந்து, இசியுவுக்கான கணக்கான மேப்பை எழுதும் நல்ல டியூனர். நான் பார்த்த வண்டிகளில் டர்போவின் விலை மொத்தச் செலவில் நாலில் ஒரு பங்குதான். கையில் டர்போவுக்கு மட்டும் காசு இருக்கிறவர் இந்தப் பாதையில் கால் வைக்க வேண்டாம். பாதியில் நின்று, மூடுதுணி போர்த்தி, டயர் இறங்கிக் கிடக்கும் சுப்ராக்கள் இந்த நாட்டில் நிறைய.

என் வண்டியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் ஒற்றைக்கு மாறியபோது 67 மி.மீ. போட்டேன். பொருத்திய பட்டறையில், டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாயை ஏறக்குறைய மட்டமாகவே கொண்டுபோயிருந்தார்கள். சிக்னலில் நின்றால் பின்னால் நீலப் புகை. டர்போ சீல் போய்விட்டது, வேறு வாங்கு என்றார்கள். சீலில் எந்தக் குறையும் இல்லை. எண்ணெய் டர்போவிலிருந்து தன் எடையில் கீழே வழிய வேண்டும், அங்கே தள்ளிவிட அழுத்தம் கிடையாது. சரிவு இல்லையென்றால் தேங்கி, சீலைத் தாண்டி டர்பைன் பக்கம் கசியும். பல பால் பேரிங் டர்போக்களுக்கு எண்ணெய் உள்ளே போகும் வழியிலும் சுமார் 1 மி.மீ. துளையுள்ள ஒரு ரெஸ்ட்ரிக்டர் வேண்டும். அதுவும் என் வண்டியில் இல்லை. இரண்டையும் சரிசெய்த அன்று புகை நின்றது. இடையில் எட்டு மாதம் போய்விட்டது.

புகை நின்ற பிறகும் அந்த 67 எனக்குப் பொருந்தவில்லை. 4,500க்கு மேல்தான் அதற்கு உயிர் வரும். மூன்றாம் கியரில் அங்கே போய்ச் சேரும்போது வேகம் சாலை வரம்பை நெருங்கிவிட்டிருக்கும். சான்டா பாட் பந்தயப் பாதையில் 402 மீட்டர் நேராக ஓட்ட வாங்கினால் அதைவிடப் பெரியதும் சரி, ஏனென்றால் அங்கே 4,500க்குக் கீழே யாரும் ஓட்டுவதில்லை. வருஷத்தில் இரண்டு நாள் அங்கே போகிறவருக்கு மீதி 363 நாளும் மந்தமான வண்டி எதற்கு?

எங்கே ஓட்டப் போகிறாய்?

தம்பியிடம் இதைத்தான் கேட்டேன். அவன் பதில்: ஞாயிறு காலையில் ஸ்நேக் பாஸ் மலைப்பாதை, வருஷத்தில் மூன்று நாள் பந்தய ட்ராக், அநேகமாக கேட்வெல் பார்க் அல்லது ஸ்நெட்டர்டன். வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கிறது.

ஸ்நேக் பாஸில் வளைவைத் தாண்டி மேட்டில் ஏறும்போது பெரும்பாலும் நான்காம் கியர், 80 கி.மீ. வேகம். இந்த வண்டியின் கியர் விகிதத்துக்கு இன்ஜின் அப்போது ஏறக்குறைய 2,800இல் சுற்றுகிறது. அந்த இடத்தில் முதல் டர்போ ஏற்கெனவே முழு பூஸ்டில் நிற்கும், பெடலை மிதித்தால் வண்டி உடனே கிளம்பும். 62 மி.மீ. ஒற்றை அங்கே இன்னும் தூக்கத்தில்தான் இருக்கும், ஒரு கியர் இறக்க வேண்டும். கியர் இறக்குவது தண்டனை இல்லை, சிலருக்கு அதுதான் சுகம். இருந்தாலும் வாரா வாரம் ஓட்டும் சாலையில் எந்த வண்டி கூப்பிட்ட குரலுக்கு வருகிறது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ட்ராக்கில் நிலைமை மாறும். ஸ்நெட்டர்டனின் நீண்ட நேர்ப்பாதையில் இன்ஜின் 4,000க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். பழைய இரட்டை டர்போ நாலைந்து சுற்றில் சூடேறித் தளர்ந்துவிடும், ஒற்றை அங்கே ராஜா. கேட்வெல் பார்க் வேறு மாதிரி, குறுகலான, மரங்களுக்கு நடுவில் நெளியும் பாதை. அங்கே ஈரத்தில், வளைவின் நடுவில் 4,000இல் இரண்டாவது டர்போ வந்து சேர்ந்தால் பின்சக்கரம் வழுக்கும். அடுத்தடுத்து வரும் இரட்டை டர்போவின் உண்மையான குறை இதுதான், அதை மறைத்து நான் பரிந்துரை செய்ய மாட்டேன். இன்ஜின் 4,000க்கு மேலேயே சுற்றும் கியரில் வளைவுக்குள் போகப் பழகினால் சமாளிக்கலாம்.

ட்ராக் பத்து நாளுக்கு மேல் என்றிருந்தால், சேமிப்பு வளரும்வரை காத்திருந்து 62 ஒற்றை, ட்வின் ஸ்க்ரோல் மேனிஃபோல்டோடு போடு என்றிருப்பேன். டர்போ ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடியிருந்தாலும் அதேதான், பழைய செராமிக் டர்போவைத் தேடி வாங்கிப் போடுவதில் அர்த்தமில்லை. எஃகுச் சக்கரம் உள்ள ஏற்றுமதி டர்போ ஒரு ஜோடி நல்ல நிலையில் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். அவனுக்கு இரண்டும் இல்லை. வருஷத்தில் ஐம்பது ஞாயிறு, மூன்று ட்ராக் நாள், நல்ல நிலையில் இரண்டு டர்போ.

அன்று மாலையே குழாய்களைக் கழற்றத் தொடங்கினோம். ஒவ்வொன்றாகக் கழற்றி, அளந்து, பழையதற்கு எண் எழுதிய டேப் ஒட்டி, சிலிக்கான் குழாயை வெட்டி மாட்டினோம். மறுநாள் மதியம் வரை இழுத்தது. சோலினாய்டுகளில் ஒன்று பேட்டரி கொடுத்தும் கிளிக் என்று சொல்லவில்லை, அதையும் மாற்றியாயிற்று. பூஸ்ட் 0.85இல் நிற்கிறது, 99 ஆக்டேன் பெட்ரோல் மட்டுமே போடுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறான். ஜப்பானில் 100 ஆக்டேனுக்கு மேப் எழுதிய வண்டி, 99க்குக் கீழே இறங்கக்கூடாது.

மாலையில் மலைப்பாதையில் அவன் ஓட்டினான், நான் பக்கத்தில். மேட்டில் மூன்றாம் கியரில் மிதித்தான். 4,000 வந்தது. தயக்கம் இல்லை, முதல் டர்போவின் மெல்லிய விசில் சத்தத்துக்கு அடியிலிருந்து இரண்டாவது சத்தம் ஏறி வந்து சேர்ந்துகொண்டது, முதுகு சீட்டில் அழுந்தியது. "அண்ணா, இதையா கழட்டச் சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வளைவு வரை ஒன்றும் பேசவில்லை.

பணத்தில் ஒரு பகுதியை வைட்பேண்ட் மீட்டருக்கும் எண்ணெய் வெப்பமானிக்கும் ஒதுக்கியிருக்கிறான். முதல் டர்போதான் எப்போதும் உழைக்கிறது, அதனால் அதுதான் முதலில் ஓயும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பைப்பைக் கழற்றி அந்த நட்டை அசைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.